கடைசி ஊர் மீட்டரில் உப்பு

அத்தியாயம் 6

பருப்பு வெந்திருந்தது. அதுதான் தங்கலட்சுமிக்கு உதைத்தது.

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டை ஒட்டி, லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிடும் மெஸ். உச்சி வெயில் இன்னும் வரவில்லை, ஆனால் தகரக் கூரை அதற்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தது. இலையில் விழுந்த சாம்பாரிலிருந்து ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். வெண்ணெயாகக் குழைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

எதிரே சங்கர். அவளுடைய உதவியாளன், டிரைவர், எடுபிடி எல்லாம் அவன்தான். தன் இலையை முடித்துவிட்டு அவளுடைய அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சாம்பார எல்லாரும் ஊத்திச் சாப்பிடுவாக. நீங்க போஸ்ட்மார்ட்டம் பண்றீங்க."

அவள் சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு அவள் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. அதற்காக அவன் நிறுத்தவும் இல்லை. அப்பளத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு மெஸ்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள் தங்கலட்சுமி. வருவது பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பொண்ணு யாரையாவது விரும்புதா. அடுத்தவர் வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தால் அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பில் போடலாம் என்று தோன்றும். அவ்வளவுதான்.

நேற்று வந்த கேஸ் வேறு மாதிரி. பாளையம்பட்டியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மூக்கம்மாள், தன் தம்பி அழகுராஜாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். ஊர் குடிக்கிற தண்ணீரில் உப்பைக் கலந்தான் என்று தம்பி மேல் பழி. அக்காதான் அழுதாள், அக்காதான் பேசினாள். அழகுராஜா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமா, இல்ல, தெரியல. மற்றபடி அவர் அங்கே இருந்த மாதிரியே இல்லை.

கதை இதுதான். கடற்கரையில் ஒரு பிளான்ட், கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறது. அழகுராஜா அங்கே ஷிப்ட் ஆபரேட்டர். அந்தத் தண்ணீர் குழாயில் ஏறி பந்தல்குடிப் பக்கம் ஒரு பெரிய தொட்டிக்கு வருகிறது. தெற்கேயிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வருகிறது. இரண்டும் கலந்து திருச்சுழிப் பக்கம் ஊர் ஊராகப் போகிறது. எதில் எவ்வளவு விடுவது என்பதை எந்த மனுஷனும் முடிவு செய்வதில்லை. அருப்புக்கோட்டை கண்ட்ரோல் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆற்றுத் தண்ணீர் மலிவு, ஆனால் எப்போதும் கிடைக்காது. கடல் தண்ணீர் எப்போதும் கிடைக்கும், ஆனால் கரண்டைக் குடித்துத் தீர்க்கும். எவ்வளவு கம்மியாகக் கடல் தண்ணீரை விட்டால் எல்லா ஊரும் தள்ளாடாமல் நாளை ஓட்டும் என்று அது ராத்திரி பகலாகக் கணக்குப் போடும்.

சங்கர் இதை வேறு மாதிரி புரிந்துவைத்திருந்தான். "ஆத்துத் தண்ணி சோறு, கடல் தண்ணி கறி. கம்ப்யூட்டரு கல்யாண வீட்டுல கறி வாளி தூக்குற மாமா. மொதப் பந்தியில இருந்தே எண்ணி எண்ணித்தான் வைப்பாரு. கடைசிப் பந்திக்குக் கொழம்பக் காட்டிட்டுப் போயிருவாரு."

அந்தக் கடைசிப் பந்திதான் ஆவாரங்கரை. குழாய் போய் முடிகிற ஊர். கடைசியில் இருப்பவனுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தால் நடுவில் இருப்பவனுக்கும் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, செலவை மிச்சம் பிடிக்க, அந்த ஒரு ஊரில் மட்டும் தண்ணீரில் உப்பு பார்க்கும் மீட்டர் வைத்திருந்தார்கள். அந்த மீட்டர்தான் கொஞ்ச காலமாக அடிக்கடி சிவப்பு காட்டியது. சிவப்பு காட்டிய ஒவ்வொரு நாளும் பிளான்ட்டில் அழகுராஜா ஷிப்ட். வேறு யார் ஷிப்டிலும் ஒருநாள்கூட இல்லை. டேங்கர் லாரிக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, சரியாக வடிகட்டாத தண்ணீரைக் குழாயில் திறந்துவிட்டார் என்று குற்றச்சாட்டு. சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குப் பிறகு மீட்டர் ஒருமுறைகூடச் சிவப்பாகவில்லை. கண்ட்ரோல் ரூம் இன்ஜினீயர் பொன்ராஜுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆள் வெளியே போனதும் உப்பும் வெளியே போய்விட்டது. இன்றைக்குப் பிற்பகல் விசாரணை. அது முடிந்தால் வேலை போகும், கேஸ் போலீசுக்குப் போகும்.

மெஸ்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் எந்தத் தண்ணீர் என்று தங்கலட்சுமி கேட்டாள். பெரிய தொட்டியிலிருந்து வரும் முதல் குழாய் இவர்கள் குழாய்தானாம். முன்பு போர் தண்ணீரில் பருப்பு கல்லாகக் கிடக்குமாம், சோடா உப்பு போட்டு மல்லுக்கட்ட வேண்டுமாம். இப்போது சட்டென்று வெந்துவிடுகிறதாம். நடுவில் என்றைக்காவது தண்ணீர் கரித்ததா என்றதற்கு அந்தம்மா கொஞ்சம் முறைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சுன்னு ஒரே ஒரு லாரிக்காரன் எலைய மடக்கியிருந்தாக்கூட எனக்கு மறக்காது தாயி. நடு ரோட்டுல நின்னு ஏசிட்டுத்தான் வண்டி எடுப்பான்."

வெளியே வந்ததும் சங்கர் பைக்கை உதைத்தான். கடலிலிருந்து உப்பு வந்திருந்தால் அது பந்தல்குடியைத் தாண்டித்தான் ஆவாரங்கரைக்குப் போயிருக்க வேண்டும். வழியில் இந்த மெஸ் சாம்பாரைத் தொடாமல் தாண்டிக் குதித்துப் போயிருக்க முடியாது. ஆக, உப்பு பிளான்ட்டிலிருந்து வரவில்லை. இதை அவள் சொல்லி முடித்ததும், அப்படியானால் இன்ஜினீயரிடம் ஒரு பார்சல் சாம்பாரைக் கொடுத்துக் கேஸை முடித்துவிடலாமே என்றான் சங்கர். பருப்பு சாட்சி சொன்னதாக எந்த ஆபீஸும் எழுதிக்கொள்ளாது என்றாள் அவள். உப்பு வேறு எங்கிருந்து வந்தது என்று காட்டினால்தான் அழகுராஜா வெளியே வருவார்.

குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனால் லாபம் யாருக்கு என்று பார்த்தால், டேங்கர் தங்கபாண்டிக்கு. ஆவாரங்கரைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தண்ணீர் லோடு அடிப்பது அவர்தான். திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு புளியமரத்து நிழலில் லாரியை நிறுத்திவிட்டு, டயருக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். லாரி நிறையத் தண்ணீர். சக்கரத்தடியில் சொட்டுச் சொட்டாக வடிந்து மண்ணில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

தங்கலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. ஆவாரங்கரைத் தண்ணீரில் உப்பு ஏறிய நாட்களில் அவருக்கு வியாபாரம் எப்படி என்று கேட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். இதைக் கேட்க ஒரு ஆள் வராதா என்று காத்திருந்த மாதிரி கொட்டித் தீர்த்தார். அந்த நாட்களில்தான் அவர் லோடை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய், ஒரு குடம்கூட விற்காமல் திரும்பியிருக்கிறார். வழக்கமாகத் தெரு முனையிலேயே வண்டியை மறிக்கும் பெண்கள் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"உப்புன்னு ஆபீசுல சொல்றாக. நான் போயிப் பாக்குறேன், கொழாயில தண்ணி பீச்சி அடிக்குது. பாத்திரம் பண்டமெல்லாம் நெறஞ்சு கெடக்கு. என் தண்ணிய எவ வாங்குவா?"

பைக் மறுபடி கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான் சங்கர் வாயைத் திறந்தான்.

"ஏங்க்கா, திருட்டு நடந்த வீட்டுல நகை கூடியிருக்குன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு இது?"

தங்கலட்சுமி ரோட்டோரத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வேலிக்கருவேலம். அதற்கு நடுவில் சாம்பல் நிறத்தில் காய்ந்து வெடித்த கரிசல். கண்ட்ரோல் ரூம் விதிமுறை என்று நேற்று மூக்கம்மாள் சொல்ல, அழகுராஜா ஆமா என்று தலையாட்டிய ஒன்று இப்போதுதான் அவளுக்கு வேலைக்கு வந்தது. குழாயில் எங்கேயாவது விரிசல் இருந்து நிலத்து உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்தால் மீட்டர் சிவப்பாகும். சிவப்பானால் கம்ப்யூட்டர் செலவு பார்க்காது. குழாயைக் கழுவிவிட, சுத்தமான கடல் தண்ணீரை அள்ளி அந்த ஊர்ப்பக்கம் தள்ளும். மீட்டர் பழையபடி பச்சையானாலும், அன்று சாயங்காலம்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

உப்பு ஏறினால் ஆவாரங்கரைக்குக் கேடு இல்லை. அன்றைக்குத்தான் அந்த ஊருக்குக் கறிச்சோறு.

ஆவாரங்கரையில் மேல்நிலைத் தொட்டி ஊருக்கு வெளியே தனியாக நின்றது. அதன் காலடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. அதற்குள்தான் மீட்டர். பெட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கருவேல நெற்று உதிர்ந்து கும்பலாகக் கிடந்தது. ஆடு அதைச் சட்டை செய்யவில்லை. பெட்டியின் அடி விளிம்பையும் அதன் கீழே இருந்த சிமெண்டையும் நக்கி நக்கி எடுத்துக்கொண்டிருந்தது. விரட்டினால் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தது.

"இந்த வருஷம் ஆடு இரும்பு திங்க ஆரம்பிச்சிருச்சு போல" என்றான் சங்கர்.

தங்கலட்சுமி குனிந்து, ஆடு நக்காத ஒரு மூலையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். கரித்தது. சமையல் உப்பு.

"மழை பெய்யாத ஊரு. சிந்துனது கழுவிப் போகாம கெடக்கு. குழாய்க்குள்ள உப்பே இல்ல சங்கரு. யாரோ மீட்டருக்குச் சாப்பிடக் குடுத்திருக்காக."

சங்கர் ஆட்டைப் பார்த்தான். "சாட்சிப் பட்டியல்ல இதையும் சேத்துருவோம். குறுக்கு விசாரணையில எத்தன தடவ கேட்டாலும் ஒரே பதிலச் சொல்லும், மாத்திப் பேசாது."

பெட்டிச் சாவி யாரிடம் என்று அந்தப் பக்கம் வந்த ஒரு பெண்ணிடம் அவன்தான் கேட்டான். தொட்டி ஆபரேட்டர் கனகலட்சுமியிடம் இருக்கும் என்றாள் அவள். பஞ்சாயத்தில் வால்வைத் திறந்து மூடுவது, மீட்டரைக் கழுவித் துடைப்பது எல்லாம் கனகலட்சுமிதான். வீடு அதோ, பச்சைக் கதவு. கடல் தண்ணி பிளான்ட்டில் வேலை பார்க்கிறாரே அழகுராஜா, அவர் வீட்டுக்காரி.

அழகுராஜா குடியிருப்பது இந்த ஊரில் என்று மூக்கம்மாளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சங்கர் பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆபீசுல என்ன சொல்றாக?" என்றாள் தங்கலட்சுமி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அழகுராஜா பிளான்ட்டுல இருந்தப்பல்லாம் உப்பு ஏறுச்சுன்னு. அதையே திருப்பிப் போடு. அவரு வீட்டுல இல்லாதப்பல்லாம் ஏறுச்சு."

"சஸ்பெண்டு ஆனதும் நின்னுபோச்சு..."

"சஸ்பெண்டு ஆனா மனுஷன் எங்க இருப்பாரு? வீட்டுல. அவரு கண்ணுக்குத் தெரியாமச் செய்யணும்னு நெனச்ச ஒருத்தருதான் செஞ்சிருக்காக."

பொன்ராஜ் அடுக்கிவைத்த ஆதாரம் எல்லாம் அப்படியே நின்றது. எதுவும் பொய் இல்லை. கை மட்டும்தான் வேறு கை.

அவள் சங்கரை அருப்புக்கோட்டைக்கு அனுப்பினாள். விசாரணை நடக்கும் இடம் கண்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்து அறை. போய் மூக்கம்மாளின் ஆள் என்று சொல்லி உள்ளே உட்கார வேண்டும். மீட்டர் தெரிகிற ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. போன் போட்டால் உடனே எடுக்க வேண்டும். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. பைக் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆடு மறுபடி பெட்டிக்கு வந்தது.

பச்சைக் கதவு வீட்டு வாசலில் ஒரு சேலையை விரித்து மோர் மிளகாய் காயப்போட்டிருந்தாள் கனகலட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். வந்திருப்பது பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று தங்கலட்சுமி கேட்டாள்.

"இத்தன நாளு லீவு போட்டு வீட்டுல இருந்தாக. இன்னைக்கித்தான் டூட்டிக்குக் கெளம்புனாக."

தங்கலட்சுமி சொம்பைக் கீழே வைத்தாள். அக்காவிடம் சொன்னவர் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. இந்தக் கேஸில் யாருமே எதிர்பார்க்காத இடத்தில் வந்து நின்ற ஓட்டை அதுதான். இவளுக்கு எதுவும் தெரியாது.

அவள் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சஸ்பெண்ட், டேங்கர்காரனிடம் காசு வாங்கியதாகப் பழி, இன்று பிற்பகல் விசாரணை, அதற்கப்புறம் போலீஸ். மீட்டரில் உப்பு ஏறிய நாட்கள் எல்லாம் அவர் ஷிப்ட் நாட்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

கனகலட்சுமியின் கை மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வரிசை முடிந்தது, அடுத்த வரிசை. எல்லாம் திருப்பி முடித்த பிறகு, திருப்பியதையே மறுபடி திருப்ப ஆரம்பித்தாள். தங்கலட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு தானாகவே எல்லாம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி. குழாய் வந்த புதிதில் ஆவாரங்கரையில் தண்ணீர் நூலாகத்தான் வடியும். ஒரு குடம் நிறைய அரை நாள் உட்கார வேண்டும். குழாயடியில் சண்டை, வேலைக்குப் போகிறவள் போக முடியாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரங்கழித்துப் போகும். ஒருநாள் இதே மாதிரி மிளகாயை உப்பு மோரில் ஊறப்போட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் மீட்டரைத் துடைக்கப் போயிருக்கிறாள். பெட்டிக்குள் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீர் அதில் விழுந்து வழியும், அதில்தான் மீட்டர் கம்பி முங்கியிருக்கும். அதற்குள் கையை விட்டுத் தேய்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்திருக்கிறது. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த தடவை வேண்டுமென்றே ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள். புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் இல்லாத நாட்களாகப் பார்த்துப் போட்டாள். ஊரில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வருகிறது என்று வந்து பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"அவுகளுக்கு அந்த பிளான்ட்டுன்னா உசுரு. தெரிஞ்சா விடமாட்டாக. அதான் மறச்சேன்." உருண்டுபோன ஒரு மிளகாயை எடுத்துச் சேலையில் போட்டாள். "மிசினத்தான் ஏமாத்துறேன்னு நெனச்சேன்."

தங்கலட்சுமிக்கு இப்போது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கேஸ் முடிந்துவிட்டது. குற்றவாளி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு வாசலில் காயும் மிளகாயின் நெடி மட்டும்தான் தெரிந்தது.

இனி இருக்கிற வழியை அவள் விளக்கினாள். கனகலட்சுமி நேரில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி பழியை ஏற்கிறாள் என்பார்கள். அழகுராஜா அவர்கள் கண் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே மீட்டர் சிவப்பாக வேண்டும். இன்றைக்கு, இப்போது. அது ஒன்றுதான் அவரை வெளியே எடுக்கும்.

"அப்பறம்?"

"எப்பிடின்னு ஆபீசு ஆளுகளுக்குப் புரிஞ்சிரும். பெட்டியப் பேத்து எடுத்துட்டுப் போவாக. கம்ப்யூட்டரு கணக்க மாத்துவாக."

"தண்ணி?"

"பழையபடிதான்."

கனகலட்சுமி தலையாட்டினாள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டில் ஒருத்தி மூன்று நாளாகச் சேர்த்துவைத்த தண்ணீரை டம்ளர் டம்ளராகக் கோரி, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு கனகலட்சுமி உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் சாவி இருந்தது, இன்னொரு கை மூடியிருந்தது.

தொட்டியடியில் தங்கலட்சுமி போன் போட்டாள். முதல் மணியிலேயே சங்கர் எடுத்தான். குரலைத் தாழ்த்தி, விசாரணை ஆரம்பித்துவிட்டது, அழகுராஜா நடுவில் நாற்காலியில், கை மடியில், பொன்ராஜ் சார் படித்துக்கொண்டே போகிறார் என்றான். ஸ்கிரீன் பச்சை.

கனகலட்சுமி பெட்டியைத் திறந்தாள். கிண்ணத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய் விரலைப் பிரித்தாள். அவ்வளவுதான் வேலை. உப்பு விழுகிற சத்தம்கூட இல்லை.

போனில் பொன்ராஜ் படிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சங்கர் பேசினான். ஜோக் இல்லாத குரல்.

"செவந்துருச்சுக்கா."

அங்கே நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ மீட்டர் ரிப்பேர் என்றார்கள். பொன்ராஜின் குரல் அதற்கு மேல் எழும்பி, யார் ஷிப்ட், பிளான்ட்டில் இப்போது யார் என்று கேட்டது. பதில் வருவதற்குள் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும், அந்தக் கேள்வி பாதியில் நின்றுபோனது. அவர் இத்தனை நாளாகக் குற்றவாளி என்று எழுதிய ஆள் அவருக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டரு வால்வத் தெறந்துருச்சு. யாரையும் கேக்கல" என்றான் சங்கர். "அக்கா, போன ஸ்பீக்கர்ல போடச் சொல்றாரு இன்ஜினீயரு. ஆவாரங்கரையில யாருன்னு கேக்குறாரு."

தங்கலட்சுமி போனை நீட்டினாள். கனகலட்சுமி அதை வாங்கிக் காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் சார். தொட்டி ஆபரேட்டர் கனகலட்சுமி. ஒவ்வொரு தடவையும் நாந்தான் உப்பப் போட்டேன். அவுகளுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் யாரோ காகிதத்தை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்காமலே பேசினார் அழகுராஜா.

"வாரேன். நீ சாப்பிட்டுரு."

அவ்வளவுதான். கோபமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. தொழிலே அதுவாக இருக்கிற தங்கலட்சுமியாலும் முடியவில்லை. சங்கர் போனைத் திரும்ப வாங்கி, விசாரணையை நிறுத்திவிட்டார்கள், அழகுராஜா பெயரை அடித்துவிட்டார்கள், இன்ஜினீயர் ஜீப்பில் ஏறிவிட்டார், அழகுராஜாவும் அதே ஜீப்பில்தான் என்றான். கொஞ்சம் நிறுத்தி, ஜீப் கிளம்பும் முன்னால் பொன்ராஜ் தன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டதாகச் சொன்னான். எவ்வளவு உப்பு என்று கேட்டாராம். சிட்டிகை என்று இவன் விரலைக் குவித்துக் காட்டினானாம். மனுஷன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

தொட்டிக்குள் முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு தெருக்குழாய்கள் இருமின, காற்றைக் கக்கின, தண்ணீர் வந்தது. நூலாக இல்லை, கயிறாக இல்லை, கையை வைத்தால் கையைத் தள்ளுகிற தண்ணீர்.

ஊர் வீட்டை விட்டு வெளியே வந்தது. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், பெயிண்ட் வாளி, சோறு வடிக்கிற குண்டா. யாருக்கும் அவசரம் இல்லை. இந்த மாதிரித் தண்ணீர் வந்தால் சாயங்காலம்வரை வரும் என்று பழகியிருந்தார்கள். சிரிப்பும் பேச்சுமாக வந்து நின்றார்கள். பழக்கத்தில், வரும்போதே ஒவ்வொருத்தியும் குடத்தில் மிச்சமிருந்த பழைய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டே வந்தாள். கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவள் மூன்று நாள் சேமிப்பை மொத்தமாக வாசலில் கவிழ்த்தாள். மண் அதை உறிஞ்சிக்கொண்டது.

தங்கலட்சுமி கனகலட்சுமியைப் பார்த்தாள். அவள் பெட்டியைப் பூட்டவில்லை. குடம் எடுக்க வீட்டுக்கும் போகவில்லை. நேரே குழாயடிக்குப் போய், கொட்டப்போன ஒருத்தியின் குடத்தைக் கையால் தடுத்தாள்.

"பழையதக் கொட்டாதீக. அண்டாவுல ஊத்தி வைங்க. வீட்டுல இருக்குற எல்லாத்துலயும் புடிங்க."

"என்ன மதினி, நடுவுல கொஞ்ச நாளு நின்னுச்சு, இனிமே பழையபடி வாரத்துக்கு ரெண்டு தடவ வருமே" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

கனகலட்சுமி சேலையை இழுத்துச் செருகினாள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள். அது நிறைந்ததும் அதற்கடுத்தது. கண் மட்டும் ரோட்டுப் பக்கம் இருந்தது. கருவேலங்காட்டுக்கு மேலே எங்கோ தூரத்தில் தூசி கிளம்பிக்கொண்டிருந்தது.

"வெரசாப் புடிங்க" என்றாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.